தண்ணீர் குடிக்கும் வெறிநாய்

திருப்பதி அலிபிரியில், மலையேறக் கிளம்பும் பக்தர்களின் காலடியிலேயே தெருநாய்கள் சுருண்டு கிடக்கும். சிலவற்றுக்குக் காது நுனி வெட்டுப்பட்டிருக்கும். சண்டைக்கார நாய் என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு விலகுகிறோம். கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசியும் போட்ட நாய்க்கு வைக்கும் அடையாளம் அது!

வெயில் ஏறினால் நாய்க்கு வெறி பிடிக்கும் என்பார்கள். இல்லை, அது வைரஸால் வருவது. எந்த மாதமும் வரும்.

வெறிநாய் தண்ணீரைக் கண்டால் ஓடும் என்பதும் தவறு. தண்ணீருக்கு நடுங்குவது, நோய் முற்றிய மனிதர்தான். இந்தத் தவறு ஆளையே கொல்லும். 'தண்ணீர் குடிக்கிற நாய்தானே கடித்தது' என்று ஊசி போடாமல் இருந்துவிட்டால், நோய் வந்தபின் காப்பாற்ற மருந்தே கிடையாது.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்பது பழைய கதை. இப்போது கையில்தான், சில தவணைகளில் போடுகிறார்கள்.

காது வெட்டிய நாயோ, வீட்டு நாயோ, எது கடித்தாலும் காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி அங்கே இலவசம்.