பழைய மடிக்கணினியும் பிடிபடாத அலையும்



'ஒயர்லெஸ்' என்று சொன்னால் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வானொலிப் பெட்டிதான் நினைவுக்கு வரும். லயத்து வாசலில் பெட்டியை வைத்து, ஏரியல் கம்பியை இழுத்துக் கட்டி, கொரகொரவென்ற இரைச்சலுக்கு நடுவே செய்தி கேட்ட காலம் அது. இன்று பேரப்பிள்ளைகள் 'லைன் வரவில்லை' என்று கையைப் பிசைவதும் ஏறக்குறைய அதே சங்கடந்தான். காற்றில் அலை இருக்கிறது. பெட்டி பிடிக்க மறுக்கிறது.

லினக்ஸ் போட்ட மடிக்கணினியில் வைஃபை பிடிக்காவிட்டால் என்ன செய்யலாம் என்பதுதான் இன்றைய பேச்சு. லினக்ஸ் என்பது 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்த இயங்குதளம். அதன் உள்வேலையை யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். அதற்குக் காசு இல்லை. அதிலிருந்து பிறந்த உபுண்டு என்னும் வகை 2004 முதல் வருகிறது. விண்டோஸ் 10க்கு வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நின்றது. அடுத்த விண்டோஸை ஏற்க முடியாத பழைய கணினிகள் ஏராளம். குப்பைக்குப் போகவேண்டிய அந்தப் பெட்டிகளில் லினக்ஸைப் போட்டால் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். தோட்டத்துக் குடும்பங்களுக்கு இது சின்ன விஷயமா?

என் அக்காள் மகள் அம்பாங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் தோழிகளோடு தங்கிப் படிக்கிறாள். அப்பா செம்பனைக் குலை வெட்டுபவர். அவர் வாங்கிக் கொடுத்தது இரண்டாங்கை மடிக்கணினி. உபுண்டு போட்டுத்தான் விற்றார்கள். வந்த முதல் நாளே வைஃபை இல்லை. கடைக்கு எடுத்துப்போனாள். 'உள்ளே இருக்கும் வைஃபை அட்டை செத்துவிட்டது, மாற்ற 180 ரிங்கிட்' என்றார்கள். கட்டுரையை அனுப்ப மூன்றே நாள் இருந்தது. "மாமா, அப்பாவிடம் எப்படிக் கேட்பேன்?" என்று தொலைபேசியில் அழுதாள். "கொஞ்சம் பொறும்மா, நான் வந்து பார்க்கிறேன்" என்றேன்.

முதலில் பார்த்தது பூட்டு. பழைய மடிக்கணினிகளில் பக்கவாட்டில் ஒரு சின்னத் தள்ளுவிசை இருக்கும்; இல்லையென்றால் மேல்வரிசை விசைகளில் ஒன்றில் ஏரியல் படம் இருக்கும். கை பட்டு அது அணைந்துபோவது சர்வ சாதாரணம். டெர்மினல் என்னும் கறுப்புத் திரையைத் திறந்து, 'ஆர் எஃப் கில்' என்ற ஆங்கில எழுத்துகளை இடைவெளியின்றிச் சின்ன எழுத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு 'லிஸ்ட்' என்று அடியுங்கள். 'ஹார்ட் பிளாக்டு: யெஸ்' என்று வந்தால் விசையைத் தேடித் தள்ள வேண்டும். 'சாஃப்ட் பிளாக்டு: யெஸ்' என்று வந்தால், லிஸ்ட் என்ற இடத்தில் 'அன்பிளாக் வைஃபை' என்று அடித்தால் போதும். அவள் கணினியில் வைஃபையைப் பற்றி ஒரு வரிகூட வரவில்லை. அதாவது, அப்படியொரு கருவி இருப்பதையே இயங்குதளம் அறியவில்லை.

அட்டை செத்திருந்தால் இப்படி வரலாம். அட்டை உயிரோடிருந்து, அதை ஓட்டும் மென்பொருள் இல்லாவிட்டாலும் இப்படித்தான் வரும். எது என்று காட்டுவது 'எல் எஸ் பி சி ஐ' என்ற கட்டளை. பெட்டிக்குள் என்னென்ன செருகியிருக்கிறது என்று பட்டியல் போடும். அதில் 'நெட்வொர்க் கண்ட்ரோலர்' என்ற வரியில் 'பிராட்காம்' என்று பெயரும் எண்ணும் வந்தன. செத்த அட்டை பெயர் சொல்லாது, நேயர்களே. எனக்குப் பாதி நிம்மதி.

பிராட்காம் சில்லுகள் பலவற்றுக்கு, ஓட்டும் மென்பொருள் திறந்த முறையில் கிடைப்பதில்லை. அதனால் உபுண்டு அதைத் தானாகப் போடாது. நிறுவும்போது 'மூன்றாம் தரப்பு மென்பொருளும் வேண்டும்' என்ற கட்டத்தில் குறி போட்டிருந்தால் அப்போதே சேர்ந்திருக்கும். போட்டவர் அந்தக் குறியை விட்டுவிட்டார், அவ்வளவுதான் கதை.

இணையம் வேண்டுமானால் மென்பொருள் வேண்டும். மென்பொருளை இறக்க இணையம் வேண்டும். பலர் இங்கேதான் சோர்ந்துபோய்க் கடைக்கு ஓடுகிறார்கள். வழி உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசியை யூஎஸ்பி கம்பியால் மடிக்கணினியோடு இணைத்து, அமைப்புகளில் 'யூஎஸ்பி டெதரிங்' என்பதைத் திறந்துவிடுங்கள். கணினி அதைக் கம்பிவழி இணையமாகவே எடுத்துக்கொள்ளும். மின்னேற்றம் மட்டும் செய்யும் மலிவுக் கம்பி இதற்கு உதவாது. தரவும் போகிற கம்பி வேண்டும். முன்கட்டணச் சிம் என்றால், 'அப்டேட் செய்யவா?' என்று கணினி கேட்கும்போது வேண்டாம் என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் வாங்கிய டேட்டா ஒரே மடக்கில் போய்விடும்.

பிறகு 'அடிஷனல் டிரைவர்ஸ்' என்ற செயலியைத் திறந்தோம். பிராட்காம் பெயர் வந்தது; தேர்ந்தெடுத்து, கடவுச்சொல் கொடுத்து, கணினியை மறுபடி தொடங்கினோம். அண்டை வீடுகளின் வைஃபை பெயரெல்லாம் வரிசையாக வந்து நின்றன. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! உங்கள் மடிக்கணினி சற்றுப் புதியதானால், இந்த இடத்தில் ஒரு தற்காலிகக் கடவுச்சொல் கேட்டு, மறுதொடக்கத்தில் நீலத்திரை ஒன்று வரலாம். அதில் 'என்ரோல்' என்பதைத் தேர்ந்து அதே சொல்லைக் கொடுக்கவேண்டும். பயந்துபோய் அதைத் தாண்டிவிட்டால் மென்பொருள் வேலை செய்யாது.

கதை அங்கே முடியவில்லை. அவள் அறையில் மட்டும் இணைப்பு அறுந்து அறுந்து வந்தது. அம்பாங் என்ற பெயரே ஈயம் தோண்ட வந்தவர்கள் கட்டிய அணையைக் குறிப்பது என்பார்கள். அந்த அடுக்குமாடியின் கான்கிரீட் சுவர்களும் அலைக்கு அணைதான். வீட்டு ரூட்டர் இரண்டு பெயர்களில் அலை அனுப்பியது. ஒன்றின் கடைசியில் '5ஜி' என்று இருந்தது. அது கைத்தொலைபேசியின் 5ஜி அல்ல, 5 கிகாஹெர்ட்ஸ் அலை. வேகம் அதிகம், சுவரைத் துளைக்கும் திறன் குறைவு. மற்றது 2.4 கிகாஹெர்ட்ஸ், மெதுவானாலும் தூரம் போகும். சில பழைய சில்லுகளுக்கு 2.4 மட்டுமே தெரியும்; அவற்றின் பட்டியலில் '5ஜி' பெயர் வரவே வராது. 2.4க்கு மாற்றிய பிறகு அறுபடுவது நின்றது. அப்படியும் நிற்காவிட்டால், மின்சாரத்தைச் சேமிக்க வைஃபை அட்டை தூங்கிவிடுகிறதா என்று விவரம் தெரிந்த பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். உபுண்டுவில் நெட்வொர்க் மேனேஜரின் 'பவர்சேவ்' கோப்பில் இருக்கும் 3 என்ற எண்ணை 2 ஆக்கினால் தூக்கம் கலையும்.

இன்னொன்று, அநேகர் கவனிக்காதது. இணைப்பு இருக்கிறது, ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை, 'பாதுகாப்பில்லை' என்று எச்சரிக்கிறது என்றால் கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள். உள்ளேயிருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்துபோன பழைய பெட்டிகள் பல ஆண்டு பின்னால் போய் நிற்கும். தேதி தவறினால் இணையப் பக்கங்களின் சான்றிதழ்களைக் கணினி நம்பாது. தேதியைத் திருத்துங்கள், அந்தப் பேட்டரியும் விலை அதிகமில்லை.

கட்டுரை ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்தது. 180 ரிங்கிட்டில் ஒரு காசும் செலவாகவில்லை. அப்பாவுக்கு இந்த விஷயமே தெரியாது. தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது தானே சொல்லிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள்.