முன்பக்கம் பதிந்த ஆட்டோ



வீடு, காணி உறுதி, தண்ணீர் பற்றியெல்லாம் இந்தக் கைநூலில் படித்திருப்பீர்கள். நான் சொல்லப்போவது உங்கள் வாசலில் நிற்கும் ஆட்டோவைப் பற்றி. மீள்குடியேற்றத்துக்கும் ஆட்டோவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தை மண்சரிவு நடந்தது. அதில் வீடிழந்தவர்களுக்கு 2016இல் மக்கல்தெனிய தோட்டத்தில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. புது வீடு பாதுகாப்பான இடத்துக்கு வந்துவிடும். கடையும் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் கூடவே வருமா? அந்தத் தூரத்தை நமக்குக் கடந்து தருவது ஆட்டோதான். இரவில் பிரசவ வலி வந்தால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். அது ஏற முடியாத தோட்டத்துப் பாதையில், கீழே பிரதான வீதிவரை கொண்டுபோய்ச் சேர்ப்பதும் ஆட்டோதான்.

நான் மெக்கானிக் இல்லை, கலைப் பட்டதாரி. ஆனால் ஒரு பாடம் கண்ணெதிரே படித்தேன். எங்கள் வேலைக்கு வாடகைக்கு வந்த ஆட்டோவின் முன்பக்கம் பதிந்துபோயிருந்தது. சொக் போய்விட்டது என்று யாரோ சொல்ல, அந்த அண்ணன் கடன் வாங்கிப் புது சொக் போட்டார். வண்டி ஓர் அங்குலம்கூட எழும்பவில்லை. பிறகு ஒரு கராஜ் பாஸ் சேற்றைக் கழுவிப் பார்த்தார். ஸ்பிரிங்கின் அடிச்சுற்று உடைந்து கிடந்தது. சொக்குக்குக் கொடுத்த காசு வீண்.

இந்த ஒரு விசயத்தை நினைவில் வைத்தால் போதும்: பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். அது துள்ளாமல் அடக்குவது சொக். ஆகவே நிற்கும்போதே முன்பக்கம் பதிந்திருந்தால் முதலில் ஸ்பிரிங்கைப் பாருங்கள். ஓடும்போது துள்ளிக்கொண்டே இருந்தால் சொக்கைப் பாருங்கள்.

காசு கொடுக்குமுன் நீங்களே பார்க்கக்கூடியவை சில உண்டு. டயரில் காற்றைச் சரிபார்த்து, வெறும் வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். முன்சில்லின் நடுவிலிருந்து மட்காட் விளிம்புவரை அளந்து, அதே மாடலில் நல்ல நிலையிலுள்ள வண்டியோடு ஒப்பிடுங்கள். முன்பக்கத்தை அழுத்திக் கையை எடுங்கள். எழும்பி உடனே அடங்கினால் சொக் நல்லது. இரண்டு மூன்று தரம் ஆடினாலோ, சொக்கில் எண்ணெய் வழிந்திருந்தாலோ அது முடிந்துவிட்டது. ஸ்பிரிங்கைக் கழுவி வெடிப்பும் துருவும் பாருங்கள். பிறகு பின்சில்லுகளுக்குக் கல் அடைகொடுத்து, முன்பக்கத்தை ஜக்கில் தூக்கிக் கட்டை வைத்து, முன்சில்லைப் பிடித்து ஆட்டுங்கள். கடகடவென்றால் புஷ் அல்லது பெயாரிங் தேய்ந்திருக்கலாம். ஜக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே வேண்டாம்.

செய்யக்கூடாதவையும் உண்டு. பழைய டயர்த் துண்டை ஸ்பிரிங் சுற்றுகளுக்கு இடையில் செருகுவார்கள். வண்டி உயர்ந்த மாதிரித் தெரியும். ஆனால் செருகிய இடத்துச் சுற்றுகள் மடங்காததால் மற்றச் சுற்றுகள் அந்த வேலையையும் சேர்த்துச் செய்து சீக்கிரம் உடையும். உடைந்த ஸ்பிரிங்கை வெல்டிங் செய்வதும் அப்படித்தான். சூடுபட்ட இடத்தில் இரும்பின் முறுக்குப் போய்விடும். இறக்கத்தில் உடைந்தால் உள்ளே இருப்பவர்களின் கதி என்ன? ஸ்பிரிங் மாற்றுவதை வீட்டில் செய்யாதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் தெறித்தால் கை போய்விடும். அதைக் கராஜில் கொடுங்கள். வேலை முடிந்ததும் முன்பிரேக் ஹோஸ் எங்கும் உரசாமல் இருக்கிறதா, ஹேண்டில் இரு பக்கமும் இலகுவாகத் திரும்புகிறதா என்று பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.

புது ஸ்பிரிங் நீடிப்பது உங்கள் கையில். சட்டப்படி மூன்று பயணிகள்தான். சாரதி ஆசனத்தில் இரு பக்கமும் ஆளை ஏற்றினால் அந்தப் பாரம் முன்சில்லில்தான் இறங்கும். பிரேக் பிடித்தால் முன்பக்கம் தானாகவே பதியும். பதிந்த நிலையில் குழிக்குள் விழுந்தால் ஸ்பிரிங்குக்கு மடங்க இடமிருக்காது. ஆகவே குழிக்கு முன்னரே வேகத்தைக் குறைத்து, குழிக்குள் இறங்கும்போது பிரேக்கை விட்டுவிடுங்கள்.

தாய்மாரே, இது ஆண்களின் வேலை என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் பிள்ளை பள்ளிக்கூடம் போகும் ஆட்டோவின் முன்பக்கத்தை நீங்களும் ஒருதரம் அழுத்திப் பாருங்கள். தீபாவளி மழை தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊரிலுள்ள எல்லா ஆட்டோக்களையும் கோயில் முற்றத்தில் நிறுத்தி ஒன்றாகப் பார்த்துவிடுங்கள். அளவுநாடா ஒன்று போதும். அதற்குச் செலவாவது ஒரு காலைப்பொழுது மட்டுமே.