முதல் நியமனக் கடிதம்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சல்லியில் ஒரு பிள்ளைக்கு உத்தியோகம் கிடைத்தது என்றால் முதற் கேள்வி, "சம்பளம் எவ்வளவு?" என்பது. அடுத்ததைப் பெரியவர்கள் கேட்பார்கள்: "இளைப்பாற்றுச் சம்பளம் உண்டோ?" கொம்பனி வேலை என்றால் அவர்கள் முகம் வாடும். கரைவலை இழுத்துப் பங்குக் காசிற் சீவித்து, வாடையிற் கடல் கொந்தளித்த நாட்களில் வெறுங்கையோடு இருந்தவர்களின் கேள்வி அது. அதில் நியாயமுண்டு.

ஆயினும் இன்று எம்மிற் பலர் சேர்வது சீனன்குடா ஆலைகளிலும், உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களிலும், பட்டினத்துக் கடைகளிலுமே. அங்கும் முதுமைக்கெனச் சட்டம் ஒதுக்கிய பணமுண்டு. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த ஊழியர் சேமலாப நிதிக்கு நம் சம்பளத்தில் 8 வீதம் கழியும். முதலாளி தம் பணத்திலிருந்து 12 வீதம் கட்டவேண்டும். 1980 இல் வந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மாத்திரம் 3 வீதம் கட்டுவார். 1983ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேராவது வேலைசெய்யும் இடத்தில் 5 வருடம் பூர்த்தியாக்கியவருக்கு, வருடமொன்றுக்கு அரைமாதச் சம்பளம்.

இவையெல்லாம் எத்தொகையின்மேற் கணிக்கப்படுகின்றன? கவனிக்கவேண்டிய இடம் இதுவே. இரண்டு கடிதங்கள் வந்தனவென்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் அடிப்படைச் சம்பளம் 45,000 ரூபா, பயணச் செலவும் மேலதிக நேரக் கூலியுமாக 25,000, மொத்தம் 70,000. இரண்டாவதில் அடிப்படை மாத்திரம் 68,000. கழிவு போக, முதற் கடிதத்தில் 66,400 ரூபா கைக்கு வரும், இரண்டாவதில் 62,560. வீட்டார் முதலாவதையே பிடிக்கச் சொல்வார்கள்.

ஆனால் மேலதிக நேரக் கூலியும் பயணச் செலவும் நிதிக் கணக்கிற் சேரா. முதலாளி இரு நிதிகளுக்கும் கட்டுவது முதலாவதில் மாதம் 6,750 ரூபா, இரண்டாவதில் 10,200. அவர் தரும் அனைத்தையும் கூட்டினால் 76,750க்கு எதிராக 78,200. ஐந்து வருடம் சம்பளம் மாறாதிருந்தாலும் பணிக்கொடை முதலாவதில் 1,12,500, இரண்டாவதில் 1,70,000. மேலதிக வேலை நின்ற மாதத்தில் அந்த 70,000மும் இல்லை.

ஹோட்டலிற் சேரும் நண்பர்கள் சேவைக் கட்டணப் பங்கைக் கண்டு மயங்குகிறார்கள். விருந்தினர் வந்தாற்றான் அது வரும். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளின் பின்னரும், 2020 நோய்க்காலத்திலும் அறைகள் வெறுமையாய்க் கிடந்தன, பங்குமில்லை. கரைவலைப் பங்கை அறிந்த ஊருக்கு இதை விளக்கவும் வேண்டுமோ?

வேறோர் ஏமாற்று: "வேலை நிரந்தரமான பிறகு சேமலாப நிதி கட்டுவோம்" என்பது. தகுதிகாண் காலமாயினும், தற்காலிக வேலையாயினும், முதல் நாளிலிருந்தே கட்டவேண்டும் என்பதே சட்டம். முதலாளியின் 12 வீதத்தை நம் சம்பளத்திற் பிடிப்பதும் குற்றம்.

"நிதியில் இட்ட பணம் கரைந்துபோகுமே" என்று ஒருவர் கேட்கலாம். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை எட்டியபோது, அவ்வருடத்துக்கு நிதி கொடுத்த வட்டி 9 வீதமே. கரையத்தான் செய்தது. அரச இளைப்பாற்றுச் சம்பளம் சாகும்வரை மாதந்தோறும் வரும். சேமலாப நிதியோ ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயதில் ஒரே தொகையாய்க் கைக்கு வரும். இரண்டும் ஒன்றென்று நான் வாதிடவில்லை. முதலாளி தரும் 12 வீதத்தைக் கேளாமல் விடுவதற்கு அது காரணமாகாது என்றே சொல்கிறேன்.

ஆகவே கையொப்பமிடுமுன் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று எழுத்திற் கேளுங்கள். சேர்ந்ததும் அங்கத்துவ இலக்கத்தைக் கேளுங்கள். தட்டிக்கழித்தாற் தொழில் திணைக்களக் கந்தோரில் முறையிடலாம். அதற்கு நியமனக் கடிதமும் முதல் மாதத்திலிருந்தே சம்பளச் சீட்டுக்களும் கையில் இருக்கவேண்டும்.