கணினித் திரையில் வானலைக் கல்வி

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

இராயபுரம் முதல் எண்ணூர் வரை வாழும் நம் குடும்பங்களில் பெரும்பாலானவை மாத வருமானத்தை எண்ணி எண்ணிச் செலவிடுபவை. துறைமுகப் பணியாயினும், தொழிற்சாலை வேலையாயினும், சிறு வணிகமாயினும் நிலை ஒன்றே. அச்செலவுப் பட்டியலில் கேபிள் கட்டணமும் கைப்பேசி இணையக் கட்டணமும் நிரந்தர இடம் பிடித்துவிட்டன. இவ்விரண்டும் இன்றியே நம் பிள்ளைகளுக்குப் பயன்படும் ஒரு வழி நம் மொட்டைமாடிக்கு மேலே இருக்கிறது. அதைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

சென்னையில் தூர்தர்ஷன் நிலையம் தொடங்கப்பட்டது 1975 ஆகஸ்ட் 15 அன்று. அன்று வானொலிபோல் ஆண்டெனா மாட்டினால் போதும். மாதக் கட்டணம் கிடையாது. பின்னர் கேபிள் வந்தது. 2003 செப்டம்பரில் கட்டண அலைவரிசைகளுக்குத் தனிப்பெட்டி வேண்டும் என்னும் முறை சென்னை மாநகரில் நடைமுறைக்கு வந்தபோது பலரும் பட்ட குழப்பம் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 2019-இல் ஒழுங்குமுறை ஆணையம் அடிப்படைக் கட்டணத்தின் உச்சவரம்பை 130 ரூபாய் என வகுத்தது. வரியுடன் 153 ரூபாய் 40 காசு. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,840 ரூபாய். கட்டண அலைவரிசைகளின் விலை இதற்கு மேல். 2024-இல் அந்த உச்சவரம்பும் நீக்கப்பட்டது.

இதற்கு மாற்றாக 2004 டிசம்பரில் பிரசார் பாரதி 'டிடி டைரக்ட் பிளஸ்' என்னும் இலவசச் சேவையைத் தொடங்கியது. இன்று அதன் பெயர் 'டிடி ஃப்ரீ டிஷ்'. தட்டு ஆண்டெனாவையும் பெறும் கருவியையும் ஒருமுறை வாங்கினால் போதும். மாதக் கட்டணம் இல்லை. 2015 நவம்பரில் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏவப்பட்ட ஜிசாட்-15 செயற்கைக்கோள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நின்று இச்சேவையைத் தருகிறது.

உண்மையை மறைக்காமல் சொல்லவேண்டும். பொழுதுபோக்கிற்காக இதை நாடுவோர் ஏமாற்றமடைவர். இதில் வருவன பெரும்பாலும் இந்தி அலைவரிசைகள்; டிடி தமிழ் இருப்பினும் தமிழின் பங்கு குறைவே. ஆயினும் நாம் இதைப் பேசுவதற்குக் காரணம் கல்வி. 2017 ஜூலையில் மத்திய அரசு 'ஸ்வயம் பிரபா' என்னும் பெயரில் 32 இலவசக் கல்வி அலைவரிசைகளைத் தொடங்கியது. ஒவ்வொன்றிலும் நாள்தோறும் குறைந்தது 4 மணி நேரம் புதிய பாடம்; அதே பாடம் அன்றே மேலும் 5 முறை மறுஒளிபரப்பு. பொறியியல் நுழைவுத் தேர்வுக்கு ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் பாடங்களும் அதில் உண்டு. 2020-இல் 'பி.எம். இ-வித்யா' திட்டத்தில் வகுப்புக்கு ஓர் அலைவரிசை வீதம் 12 அலைவரிசைகள் வந்தன. பின்னர் மாநில மொழிகளுக்கும் இடமளித்து அவை 200 ஆக விரிவாக்கப்பட்டன.

கொரோனாக் காலத்தை மறக்கவியலாது. 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகளில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. அத்தனை மாதங்களும் வீட்டில் இருந்த ஒரே கைப்பேசியைத் தந்தை வேலைக்கு எடுத்துச் சென்றுவிட்டால் பிள்ளைக்குப் பாடம் இல்லை. அப்போது தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி பெருந்துணையாயிற்று. இணையம் இல்லாத வீட்டிற்கும் பாடம் சென்றடையும் வழி ஒன்று எப்போதும் இருக்கவேண்டும் என்பதே அக்காலம் தந்த படிப்பினை.

இனிக் கணினிக்கு வருவோம். தொலைக்காட்சிப் பெட்டி உள்ளவர்கள் ஃப்ரீ டிஷ் பெட்டியை வாங்குவதே எளிது. ஆனால் பல வீடுகளில் ஒரே தொலைக்காட்சி. பிள்ளை படிக்கும் நேரத்தில்தான் பெரியவர்களுக்குச் செய்தி. அதே வீட்டில் பழைய மேசைக்கணினியோ, 2011 முதல் அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினியோ மூலையில் கிடக்கும். அதற்கு ஒரு செயற்கைக்கோள் டியூனர் இணைத்தால் அதுவே தொலைக்காட்சியாகிவிடும். மேசைக்கணினிக்கு உள்ளே செருகும் அட்டையும், மடிக்கணினிக்கு யு.எஸ்.பி. வகையும் உள்ளன. வாங்கும்போது 'டி.வி.பி. எஸ்-2' தரம் உள்ளதா எனக் கேட்டு வாங்கவேண்டும். பழைய 'எஸ்' தரக் கருவி புதிய முறை ஒளிபரப்புகளைப் பெறாது. யு.எஸ்.பி. வகையாயின் அதற்குரிய மின் அடாப்டரும் இருக்கவேண்டும். தட்டின் முனையிலுள்ள எல்.என்.பி.-க்கு 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் கம்பி வழியே செல்லவேண்டும், யு.எஸ்.பி. துளை தரும் 5 வோல்ட் அதற்குப் போதாது.

தட்டை எத்திசையில் வைப்பது? கிழக்கே கடலை நோக்கி நின்று, வலப்புறம் பாதி திரும்பினால் அதுவே தென்கிழக்கு. அத்திசையில் அடிவானிலிருந்து ஏறத்தாழ 68 பாகை உயரத்தில், அதாவது தலைக்கு மேலே சற்றே சாய்வாக, செயற்கைக்கோள் நிற்கிறது. ஆகையால் நெருக்கமான நம் தெருக்களிலும் பக்கத்து மாடி பெரும்பாலும் மறைக்காது. கவலை வேறு: கடற்காற்றின் உப்பு திருகுகளை அரித்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் அவற்றைத் துடைத்து எண்ணெய் இட்டு இறுக்கவேண்டும். 2016 டிசம்பரில் வார்தா புயல் சென்னையைத் தாக்கியதை எண்ணித் தட்டைச் சுவரோடு போல்ட் இட்டுப் பொருத்துவது அண்டை வீட்டாரின் பாதுகாப்பிற்கும் நல்லது. கனமழையில் படம் சற்று நேரம் தடைப்படும். அது கருவியின் பழுதன்று. இடிமழை வருமெனத் தெரிந்தால், இடி தொடங்கும் முன்பே கம்பியைக் கழற்றிவிடுங்கள்.

கணினியின் தனிச் சிறப்பு பதிவு செய்வது. நேரத்தைக் குறித்து வைத்தால் பாடம் தானே பதிவாகும். சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரப் பாடத்திற்கு ஏறத்தாழ ஒரு ஜிகாபைட் இடம் போதும்; இணையச் செலவு ஏதுமில்லை. ஒரே அலைவரிசைத் தொகுப்பில் வரும் பல பாடங்களை ஒருசேரப் பதியும் மென்பொருள்களும் உண்டு. பகலில் கடையில் நிற்கும் மாணவன் இரவில் படிக்கலாம். புரியாத இடத்தை மறுபடியும் பார்க்கலாம்.

முக்கியமான ஒரு எச்சரிக்கை. இதே கருவியைக் கொண்டு கட்டண அலைவரிசைகளின் பூட்டைத் திருட்டுத்தனமாகத் திறந்து தருவதாகச் சொல்வோர் உண்டு. 'இலவசம்' என்று அவர்கள் சொல்வது பிறர் உழைப்பைக் களவாடுவதாகும். அது சட்டப்படியும் குற்றம். பிறர் ஹக்கைப் பறிப்பது என்பதால் நமக்கு அறவே ஆகாததும் ஆகும். பூட்டில்லாமல் வருவதை மட்டுமே பார்ப்போம். ஃப்ரீ டிஷ்ஷிலேயே சில அலைவரிசைகளுக்கு அங்கீகரிக்கப்பட்ட பெட்டி தேவை; அவை கணினியில் வரவில்லையெனில் விட்டுவிடுவோம்.

நிறைவாக, நிர்வாகக் குழுவின் முன் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வீடும் தனித்தனியே இதைச் செய்யவேண்டியதில்லை. ஜமாஅத் அலுவலகத்தில் ஒரு தட்டு, ஒரு கணினி வைப்போம். கணினி அறிந்த இளைஞர்கள் இருவர் பொறுப்பேற்று, 10, 12-ஆம் வகுப்புப் பாடங்களையும் நுழைவுத் தேர்வுப் பாடங்களையும் பதிந்து வைக்கட்டும். பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வரும் அப்பாடங்களைத் தமிழில் விளக்க, ஆசிரியப் பணியிலுள்ள நம் சகோதர சகோதரிகள் வாரம் ஒரு மணி நேரம் தந்தால் போதும். மாணவியருக்குத் தனி நேரம் ஒதுக்கலாம். வீட்டில் கணினி உள்ளவர்கள் பதிவுகளைப் பென் டிரைவில் எடுத்துச் செல்லலாம்.

தேர்வில் ஒரு பிள்ளை பின்தங்குவதற்குக் காரணம் அறிவின்மையாக இருக்கவேண்டியதில்லை. விளக்கிச் சொல்ல ஆளில்லாமையாகவும் இருக்கலாம். விளக்கிச் சொல்வோரின் குரல் இரவும் பகலும் நம் மாடிகளின்மேல் இறங்கிக்கொண்டிருக்கிறது. அதைப் பிடித்து நம் பிள்ளைகளின் காதில் சேர்ப்பது நம் பொறுப்பு.