பிரித்தால் உண்டு பணம்



வறுமையைக் குற்றமாக்கி, ஏழைத் தாயின் மடியினின்று பிள்ளையைப் பறித்து, அச்செயலுக்குக் 'குழந்தை நலம்' என்று பெயர் சூட்டிய அரசு ஒன்று உண்டு. அது கனடா அரசு. பறிகொடுத்தோர் அம்மண்ணின் தொல்குடி மக்கள்.

1951-இல் அந்நாட்டின் 'இந்தியர் சட்டம்' திருத்தப்பெற்றது. (கொலம்பசு திசைமயங்கி இட்ட பெயரை அச்சட்டம் இன்றும் சுமந்து நிற்கின்றது!) அதன்பின் மாநில நலத்துறையினர் தொல்குடியினரின் ஒதுக்கிடங்களுட் புகுந்தனர். கூரை ஒழுகுதலும், ஓரறையிற் பலர் உறங்குதலும், பேரனைப் பாட்டி வளர்த்தலும் அவர்கள் கண்ணுக்குப் 'புறக்கணிப்பு' ஆயின. 1960-களிலும் பின்னரும் பல்லாயிரம் பிள்ளைகள் அயலார் இல்லங்களுக்கு அனுப்பப்பட்டனர். பலருக்குப் பெயர் போயிற்று. கிரீ, ஒசிப்வே முதலிய தாய்மொழிகளும் நாவை விட்டு நீங்கின. அப்பிள்ளைகளின் இன அடையாளத்தைக் காக்கும் கடமையில் நடுவண் அரசு தவறியது என்று ஒண்டாரியோ உயர்மன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது.

இதனினும் கொடிது பணம் பகுத்த முறை. ஒதுக்கிடங்களில் குழந்தை நலச் செலவு நடுவண் அரசினது. பிள்ளையைப் பிரித்து வெளியே வைத்தால் ஆகும் செலவை அவ்வரசு ஈடுசெய்தது. வீட்டிலேயே வைத்துக் காக்கும் தடுப்புப் பணிக்கோ அளந்து கொடுத்த சிறுதொகையே! குளிர்காயும் அடுப்புக்கு விறகு வாங்கித் தர வழியில்லை. அவ்வீட்டுக் குழந்தையை அயல்வீட்டில் வைத்து உணவூட்ட வழியுண்டு. இதற்கு அலுவலர் கொடியராதல் வேண்டா, கணக்கேடே போதும்.

2007-இல் கிட்சான் குடியைச் சேர்ந்த சிண்டி பிளாக்சுடாக்கு அம்மையார் முன்னின்று முறையிட்டார். அரசோ அம்முறையீடே செல்லாதென வழக்காடியது. அவர்தம் முகநூற் பக்கத்தையும் அலுவலரைக் கொண்டு நோட்டமிட்டது. எனினும் 2016 சனவரி 26-இல் மாந்த உரிமைத் தீர்ப்பாயம், அரசு வேற்றுமை காட்டியது உண்மையே என்றது. 2023-இல் 2,334 கோடி தாலர் ஈட்டுத்தொகைக்கு அறமன்றம் ஒப்புதல் தந்தது.

ஆயினும் 2021-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கைப் பாருங்கள். பதினைந்து அகவைக்குட்பட்ட பிள்ளைகளுள் தொல்குடியினர் 7.7 விழுக்காடு, வளர்ப்பு இல்லங்களில் இருந்த அவ்வகவையினருள் அவர்கள் 53.8 விழுக்காடு!

தம் பிள்ளைகளுக்குத் தாமே சட்டம் வகுக்கும் உரிமையைத் தொல்குடியினர்க்கு ஏற்கும் சட்டம் 2020-இல் நடைமுறைக்கு வந்தது. குவெபெக்கு மாநில அரசு அதனை எதிர்த்தது. 2024 பிப்பிரவரியில், அச்சட்டம் முழுவதும் செல்லும் என்று உச்சமன்றம் தீர்ப்புரைத்தது.