நகராட்சி நாற்காலியிலிருந்து கோட்டை வரை



1999 ஜூலை 23 அன்று கூலி உயர்வும், சிறையிலிருந்தோர் விடுதலையும் கேட்டு மாஞ்சோலைத் தொழிலாளர்கள் நெல்லையில் ஊர்வலம் வந்தார்கள். தடியடியில் 17 பேர் தாமிரபரணியில் மாண்டார்கள். அன்று எழுந்த கேள்வி இன்றும் நிற்கிறது: நமக்காகச் சட்டமன்றத்தில் யார் பேசுவது?

2019இல் தென்காசி மாவட்டம் பிரியும்வரை நெல்லையோடு இருந்த சங்கரன்கோவில் தனித்தொகுதியைப் பாருங்கள். நகராட்சித் தலைவராக இருந்த முத்துச்செல்வி 2012 இடைத்தேர்தலில் வென்றார். அதே நாற்காலியில் பின்னர் அமர்ந்த ராஜலட்சுமி 2016இல் வென்று ஆதிதிராவிடர் நலத்துறை அமைச்சரானார். குழாயடியில் மக்கள் நிறுத்திக் கேள்வி கேட்கும் பதவியிலிருந்து இரண்டு தலித் பெண்கள் கோட்டைக்குப் போனது சிறிய காரியமல்ல.

ஆனால் தனித்தொகுதி வேட்பாளரை முடிவு செய்வது யார்? 1932 பூனா ஒப்பந்தப்படி, ஒவ்வொரு தனி இடத்துக்கும் நால்வரைத் தலித் வாக்காளர்களே முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு அந்த நால்வரில் ஒருவரை எல்லோரும் தேர்வார்கள். சுதந்திர இந்தியாவின் அரசியலமைப்பில் அந்த முதல் தேர்வு இல்லை. அந்த இடத்தில் கட்சித் தலைமை உட்கார்ந்துகொண்டது. 1985இன் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தபின், கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போகலாம்.

ஆகவே, ‘நம்ம ஆள் ஜெயித்தாச்சு’ என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். வார்டில் கேட்டதை எம்.எல்.ஏ. அலுவலகத்திலும் கேளுங்கள்: பஞ்சமி நிலத்துக்காக, விடுதி மாணவர் சோற்றுக்காக அவையில் எத்தனை முறை எழுந்தீர்கள்?

ஆற்றோடு போன அந்த 17 பேருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி, விடாமல் கேட்பதுதான்.

ஜெய்பீம்.