மீனின் சிறுநீரகமும் ஒரு மாணவியின் கேள்வியும்



நாம் பயின்றது வரலாறு, விஞ்ஞானம் அன்று. எனினும், நம் பள்ளி மாணவி ஒருத்தியின் தந்தையார் டயாலிசிஸ் செய்துகொள்ள வாரம் இருமுறை பேருந்தேறிச் செல்கிறார். அந்நாட்களின் கூலியையும் இழக்கிறார். "கெட்டுப்போன சிறுநீரகம் ஏன் சார் திரும்ப வளர்வதில்லை?" என்று அம்மாணவி வினவியபோது நம்மிடம் விடையில்லை. அதன் பின்னரே இப்பொருளைத் தேடிப் படிக்கலானோம்.

மனிதனின் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. இரத்தத்தை வடித்துக் கழிவை அகற்றும் நுண்குழல்கள் இவையே. தாய்வயிற்றில் ஏறத்தாழ 36ஆம் வாரத்திற்குள் இவை உருவாகி முடிந்துவிடுகின்றன. பின்னாளில் குழலின் உட்சுவர் புண்பட்டால் ஓரளவு ஆறும். குழலே அழிந்துவிட்டால் புதியது தோன்றுவதில்லை.

மீனுக்கு இவ்வரம்பு இல்லை. வரிக்குதிரை மீன் என்பது விரல் நீளங்கூட இல்லாத நம் நாட்டு நன்னீர் மீன். கங்கை நதி மீன்களைப் பற்றி 1822இல் பிரான்சிஸ் ஹாமில்டன் வெளியிட்ட நூலிலேயே இது இடம்பெற்றது. பின்னர் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் இதனை ஆய்வுக்கூட மீனாக்கினார். இதன் குஞ்சு கண்ணாடிபோல் இருப்பதால், உள்ளே உறுப்புகள் வளர்வதை உயிருடனேயே காணலாம். குஞ்சுக்கு இருப்பவை இரண்டே நெஃப்ரான்கள். வளர வளர அவை பல்கிப் பெருகுகின்றன.

ஜென்டாமைசின் நம் மருத்துவமனைகளிலும் வழங்கப்படும் மருந்து. அளவு மிஞ்சினால் மனிதச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அதனைச் செலுத்தி மீனின் சிறுநீரகத்தைப் பழுதாக்கினர். பழைய குழல்கள் செப்பனிடப்பட்டதோடு, புதிய நெஃப்ரான்களும் முளைத்தன. இவற்றைத் தோற்றுவிக்கும் முன்னோடி உயிரணுக்களை ஆலன் டேவிட்சன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2011இல் அடையாளங்கண்டனர். 10 முதல் 30 உயிரணுக்கள் சேர்ந்த ஒரே ஒரு திரளை எடுத்து, பழுதுற்ற வேறொரு மீனுக்குள் வைத்தனர். அத்திரள் அங்கே வேரூன்றி, வேலை செய்யும் நெஃப்ரான்கள் பலவற்றை உண்டாக்கியது!

இதிலிருந்து மனிதருக்கு மருந்து எதுவும் இன்னும் வந்துவிடவில்லை. மீனிலிருந்து செய்த சிறுநீரக மருந்து என்று எவரேனும் விற்க வந்தால் காசைக் கொடுத்துவிடாதீர்கள், டயாலிசிஸையும் நிறுத்திவிடாதீர்கள்.

அம்மாணவிக்கு இவ்வளவையும் எடுத்துரைத்தோம். கேட்டு முடித்தவள், "அந்த உயிரணு மீனுக்கு மட்டும் மிஞ்சுகிறது; மனிதருக்குப் பிறக்கும் முன்பே ஏன் சார் தீர்ந்துபோகிறது?" என்றாள். அதற்குரிய முழு விடையை ஆய்வுக்கூடங்கள் இன்றும் தேடிக்கொண்டிருக்கின்றன.